ஸ்கூபா முக்குளிப்புக்கான கால்துடுப்பைத் தேர்ந்தெடுத்தல்

கால்துடுப்பு என்பது நீரினுள் நீந்துபவர் பாதத்தில் அணிந்துகொள்ளும், நீண்டு விரிந்த தகடு கொண்ட கருவியாகும். பேச்சு வழக்கில் இது ஃபின் அல்லது ஃபின்ஸ் எனப்படுகிறது. ஸ்கூபா முக்குளிப்பில், அதாவது காற்று அடைத்த சிலிண்டரை முதுகில் சுமந்து, அதிலிருந்து மூச்சு எடுத்தபடியே கடலுக்குள் நீந்துவதில், முன்னோக்கிச் செலுத்தும் வேலை முழுவதையும் கால்துடுப்பே செய்கிறது. கைகள் இங்கே நீந்தப் பயன்படுவதில்லை. அவை காற்றுமானியைப் பார்க்கவும், விளக்கைப் பிடிக்கவும், சைகை காட்டவும் ஒதுக்கப்பட்டுள்ளன.

கால்துடுப்பை வாங்கும்போது பலரும் விலை, நிறம், நீளம் ஆகிய மூன்றையும் பார்ப்பர். உண்மையில் பார்க்க வேண்டியவை நான்கு: பாதத்துக்குப் பொருந்துகிறதா, காலின் வலுவுக்கு ஏற்ற விறைப்பு உள்ளதா, உதைக்கும் முறைக்கு ஒத்துவருகிறதா, முக்குளிக்கப்போகும் கடலுக்கு ஏற்றதா என்பவை. பொருந்தாத கால்துடுப்பு வெறும் வசதிக்குறைவு மட்டுமன்று. அது கெண்டைக்காலில் தசைப்பிடிப்பை உண்டாக்கும், மூச்சை வாங்கவைக்கும், சிலிண்டரில் உள்ள காற்றை விரைவில் தீர்த்துவிடும். நீரோட்டம் உள்ள கடலில் இம்மூன்றும் ஒன்றுசேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

வரலாறு

நீந்துவதற்குத் துணைக்கருவி செய்யும் எண்ணம் பழையது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறுவனாக இருந்தபோது கைகளுக்கு மரத்தாலான தட்டுகளைச் செய்து நீந்திப் பார்த்தார். பாதங்களுக்கும் அதுபோல ஒன்றைக் கட்டிப் பார்த்தார். ஆனால் அது அவருக்கு நிறைவளிக்கவில்லை. இன்றைய வடிவிலான ரப்பர்க் கால்துடுப்பை உருவாக்கியவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான லூயி த கோர்லியூ. அவர் 1933-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1940-இல் அமெரிக்காவில் ஓவன் சர்ச்சில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுக் கடற்படைகளின் முக்குளிப்பு வீரர்கள் இதைப் பயன்படுத்தியதால், உலகெங்கும் அறிமுகமாயிற்று.

1943-இல் ழாக் குஸ்தோ, எமில் கான்யான் ஆகியோர் தேவைக்கேற்பக் காற்றைத் தரும் மூச்சுக்கருவியை உருவாக்கினர். அதன் பிறகு ஸ்கூபா முக்குளிப்பு பொதுமக்களிடம் பரவியது. 1950-களின் தொடக்கத்தில் இத்தாலியில் குதிகாலையும் சேர்த்து மூடும் வகை வந்தது. 1960-களில் தகட்டில் துவாரங்கள் கொண்ட ஜெட் வகையும், 1990-களில் தகடு நடுவில் பிளந்திருக்கும் வகையும் வந்தன. இந்த எல்லா வகைகளும் இன்றும் கடைகளில் விற்கப்படுகின்றன. ஒன்று வந்ததால் மற்றொன்று ஒழிந்துவிடவில்லை என்பதே, எல்லாருக்கும் ஏற்ற ஒரே கால்துடுப்பு இல்லை என்பதைக் காட்டுகிறது.

தமிழகத்தில் முக்குளிப்பு

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தலும் சங்கு குளித்தலும் பல நூற்றாண்டுகளாக நடந்துவந்த தொழில்கள். அக்காலத்தில் முக்குளிப்பவர் கயிற்றில் கட்டிய கனமான கல்லில் காலை ஊன்றி, அதன் எடையாலேயே அடிக்குச் சென்றார். மேலே படகில் இருந்த துணையாள் கயிற்றை இழுத்து அவரை மேலே கொண்டுவந்தார். இறங்குவதற்குக் கல்லும், ஏறுவதற்குக் கயிறும் இருந்ததால் கால்துடுப்பின் தேவை எழவில்லை. தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. இன்றும் இராமநாதபுரம் மாவட்டக் கரையோரப் பெண்கள், விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சை அடக்கி மூழ்கிக் கடற்பாசி சேகரிக்கின்றனர்.

ஸ்கூபா முக்குளிப்பின் நிலைமை வேறு. முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈய எடை, உடலில் நியோபிரீன் உடை ஆகியவற்றுடன் ஒருவர் அரைமணி நேரத்துக்கும் மேலாகக் கிடைமட்டமாக நீந்த வேண்டும். இந்தச் சுமையை வெறுங்காலால் உதைத்து நகர்த்த முடியாது. இப்போது புதுச்சேரி, சென்னைக்குத் தெற்கே உள்ள நீலாங்கரை, கோவளம் ஆகிய இடங்களிலிருந்து ஸ்கூபா பயிற்சிகள் நடைபெறுகின்றன. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் ஆய்வாளர்களும் ஸ்கூபா கருவிகளுடனேயே வேலை செய்கின்றனர்.

கால்துடுப்பு செயற்படும் விதம்

நீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. காலால் உதைக்கும்போது தகடு நீரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. நீர் உடலை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே அப்படியே செயற்படுகிறது. சிறிதளவு நீரை வேகமாகத் தள்ளுவதைவிட, மிகுந்த அளவு நீரை மெதுவாகத் தள்ளுவதே குறைந்த உழைப்பில் அதே உந்துதலைத் தரும். வெறும் பாதத்தைவிடப் பல மடங்கு பரப்புள்ள தகடு உதவுவதற்குக் காரணம் இதுவே.

அப்படியானால் தகடு நீளமாக நீளமாக நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் நெம்புகோல் விதி குறுக்கிடுகிறது. கணுக்கால் ஓர் அச்சு. தகடு அதிலிருந்து நீளும் கோல். கோல் நீளமாகும்போதும் விறைப்பாகும்போதும் நீரின் எதிர்ப்பு கணுக்கால்மீதும் கெண்டைக்கால் தசைமீதும் பெருகி விழுகிறது. அந்தச் சுமையைத் தாங்கும் வலு காலில் இல்லாவிட்டால், உதைப்பவர் தம்மையறியாமல் முழங்காலை மடக்கி மிதிவண்டி ஓட்டுவதுபோல் உதைக்கத் தொடங்குவார். அப்போது தகடு நீரைத் தள்ளாமல் நீரை வெட்டிக்கொண்டு மேலும் கீழும் போய்வரும். உழைப்பு மிகும், நகர்வு குறையும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. நீரில் வேகத்தை இரு மடங்காக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதற்கான திறன் எட்டு மடங்கு தேவைப்படும். ஆகவே ஸ்கூபா முக்குளிப்பில் விரைந்து நீந்துவது குறிக்கோள் அன்று. மெதுவாக, சீராக, நெடுநேரம் நீந்த உதவும் கால்துடுப்பே நல்ல கால்துடுப்பு.

காற்றுக் கணக்கு

ஒரு கால்துடுப்பு பொருத்தமானதா என்பதைச் சிலிண்டரில் உள்ள காற்று எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைக் கொண்டே அளக்கலாம்.

12 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பப்பட்டுள்ளது என்று கொள்வோம். அதில் 50 பார் அளவைப் பாதுகாப்புக்காக ஒதுக்கினால், பயன்படுத்தக்கூடியது 150 பார். அதாவது 12 x 150 = 1800 லிட்டர் காற்று.

நிதானமாக நீந்துபவர் ஒருவர் கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றை மூச்சிழுப்பதாகக் கொள்வோம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. எனவே ஒவ்வொரு மூச்சிலும் இரு மடங்கு காற்று செலவாகும். நிமிடத்துக்கு 40 லிட்டர். 1800 லிட்டர் காற்று 45 நிமிடங்களுக்குப் போதும்.

அதே நபர் பொருந்தாத கால்துடுப்புடன் போராடி, நிமிடத்துக்கு 30 லிட்டர் வீதம் மூச்சு வாங்கினால், 10 மீட்டரில் 60 லிட்டர் செலவாகும். அப்போது காற்று 30 நிமிடங்களில் தீர்ந்துவிடும். கடலுக்குள் கிடைத்திருக்க வேண்டிய நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு போய்விடுகிறது.

காற்று தீர்வது மட்டுமே இழப்பு அன்று. கடும் உழைப்பால் உடலில் கரியமில வாயு கூடுகிறது. அது தலைவலியையும், எவ்வளவு மூச்சிழுத்தாலும் போதவில்லை என்ற உணர்வையும், அதிலிருந்து பதற்றத்தையும் உண்டாக்கும். நீரடியில் பதற்றமே பெரும் எதிரி என்று பயிற்றுநர்கள் சொல்லித்தருவதன் காரணம் இதுதான்.

பாத உறையைப் பொறுத்த வகைகள்

பாதத்தை நுழைக்கும் பகுதி பாத உறை எனப்படும். இதைக்கொண்டு கால்துடுப்புகள் இருவகைப்படும்.

முழுப்பாத வகை: குதிகால் உட்படப் பாதம் முழுவதையும் செருப்புக்குள் நுழைப்பதுபோல் நுழைக்க வேண்டும். வெறுங்காலிலோ மெல்லிய நியோபிரீன் காலுறையுடனோ அணியலாம். எடை குறைவு, விலை குறைவு, பயணத்துக்கு எளிது. வெப்பமான கடலில், படகிலிருந்து நேராக நீரில் இறங்குவோருக்கு இது ஏற்றது. அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்பதே இதன் குறை. கரையில் உள்ள கற்களின்மேல் நடக்க வேண்டியிருந்தால் பாதத்துக்குப் பாதுகாப்பும் இருக்காது.

திறந்த குதிகால் வகை: முன்பாதத்தை மட்டும் நுழைத்து, குதிகாலைச் சுற்றி ஒரு வாரால் இறுக்கிக்கொள்வது. இதனுடன் அடித்தளம் தடித்த நியோபிரீன் பூட் அணிய வேண்டும். பாறை, சிப்பி, சூடான மணல், படகின் வழுக்கும் தளம் ஆகியவற்றில் பூட் பாதத்தைக் காக்கும். குளிர்ந்த நீரிலும் உதவும். இதன் எடையும் விலையும் கூடுதல். பூட்டுக்குத் தனிச் செலவும் உண்டு.

வார்களிலும் வேறுபாடு உண்டு. ரப்பர் வாரைப் பக்கிளில் இழுத்து இறுக்க வேண்டும்; வெயிலிலும் உப்பிலும் அது நாளடைவில் வெடிக்கும். துருப்பிடிக்காத எஃகுச் சுருளால் ஆன ஸ்பிரிங் வாரை ஒருமுறை பொருத்திவிட்டால் பிறகு இறுக்கவே தேவையில்லை. குதிகாலில் இழுத்து மாட்டினால் போதும். இதில் மற்றொரு நன்மையும் இருக்கிறது. ரப்பர் வாரின் தொங்கும் முனையும் பக்கிளும் கடலடியில் கைவிடப்பட்டுக் கிடக்கும் மீன்வலைகளில் சிக்கக்கூடும். மீன்பிடி மிகுந்த தமிழகக் கடலில் இது நடக்கக்கூடியதே. ரப்பர் வார் வைத்திருப்போர் அதன் முனை உட்பக்கமாக அமையுமாறு பொருத்திக்கொள்வது நல்லது.

தகட்டைப் பொறுத்த வகைகள்

தட்டைத் தகடு: எளிய, பழைய வடிவம். ஓரங்களில் தடித்த விளிம்பும் நடுவில் ரப்பர்க் கால்வாய்களும் இருந்தால், உதைக்கும்போது தகடு கரண்டிபோல் குழிந்து நீர் பக்கவாட்டில் வழியாமல் பின்னோக்கிச் செல்லும். புதிதாகக் கற்பவருக்கு நடுத்தர விறைப்புள்ள இவ்வகையே பொதுவாகப் பொருந்தும்.

துவாரத் தகடு: பாத உறைக்கு அருகில் துவாரங்கள் கொண்டது. குட்டையாக, அகலமாக, கனமாக, விறைப்பாக இருக்கும். நுட்பமான அசைவுகளுக்கும், கூடுதல் சிலிண்டர்களுடன் ஆழத்துக்குச் செல்வோருக்கும் ஏற்றது. வலுவான கால் தேவை.

பிளவுத் தகடு: மீனின் வாலைப்போல் நடுவில் பிளந்தது. உதைக்கும்போது கால்மீது விழும் சுமை குறைவு. முழங்கால் வலியோ, கணுக்கால் வலுக்குறைவோ உள்ளவர்களுக்கு இது ஆறுதல் தரும். ஆனால் பின்னோக்கி நீந்துதல், இருந்த இடத்திலேயே திரும்புதல் போன்ற அசைவுகளுக்கு இது ஒத்துவராது. எதிர் நீரோட்டத்தில் திடீரென வேகமெடுப்பதும் கடினம்.

நீளத் தகடு: மூச்சடக்கி மூழ்குவோருக்கானது. கண்ணாடியிழை அல்லது கார்பன் இழையால் செய்யப்படும். ஒரே உதைப்பில் நெடுந்தூரம் செல்ல உதவும். சிலிண்டருடன் செல்லும் ஸ்கூபா முக்குளிப்பில் இது இடைஞ்சலாகும். அடியில் உள்ள பாறையிலும் அருகில் வருபவர்மீதும் இடிக்கும்.

பொருளும் மிதப்பும்

கால்துடுப்புகள் இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், பாலிபுரொப்பிலீன் போன்ற நெகிழி, இவற்றின் கலவை ஆகியவற்றால் செய்யப்படுகின்றன. ரப்பரால் ஆனவை நெடுநாள் உழைக்கும். ஆனால் கனமானவை, நீரில் மூழ்குபவை. நெகிழியால் ஆனவை எடை குறைந்தவை. சில மிதக்கவும் செய்யும்.

இதைக் கவனிப்பதற்குக் காரணம் உண்டு. நீரடியில் உடல் கிடைமட்டமாக இருக்க வேண்டும். தமிழகக் கடலில் நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 26 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருப்பதால் மெல்லிய உடையே போதும். மெல்லிய உடை கால்களை அதிகம் மிதக்கவைக்காது. அதனுடன் கனமான ரப்பர்க் கால்துடுப்பும் சேர்ந்தால் கால்கள் தாழ்ந்து, உடல் சாய்ந்துவிடும். சாய்ந்த உடலுக்கு நீரின் எதிர்ப்பு அதிகம். குளிர்ந்த கடலில் காற்று நிறைந்த தடித்த உடை அணிவோருக்கோ கால்கள் மேலே மிதக்கும். அவர்களுக்குக் கனமான கால்துடுப்பே உதவும். எனவே குளிர்நாட்டு முக்குளிப்பாளர் புகழும் கால்துடுப்பு இங்குள்ளவருக்கும் பொருந்தும் என்று கொள்ளக்கூடாது.

உதைக்கும் முறைகள்

மேல்கீழ் உதை: கால்களை இடுப்பிலிருந்து மாறி மாறி மேலும் கீழும் அசைப்பது. முதலில் கற்பிக்கப்படுவது இதுவே. எல்லா வகைக் கால்துடுப்புக்கும் பொருந்தும். நீரோட்டத்தை எதிர்க்க உதவும். ஆனால் அடிமணலைக் கிளப்பிவிடும்.

தவளை உதை: தவளையைப்போல் இரு கால்களையும் பக்கவாட்டில் விரித்து, பாத அடிகளால் நீரைப் பின்னோக்கித் தள்ளி, பிறகு சற்று நழுவிச் செல்வது. தள்ளப்படும் நீர் பின்னோக்கிப் போவதால் அடிமணல் கலங்காது. உதைக்கும் உதைக்கும் நடுவே ஓய்வும் கிடைக்கும். இதற்குச் சற்று விறைப்பான, அதிகம் நீளாத தகடு வேண்டும்.

பின்னுதையும் சுழலுதையும்: பின்னோக்கி நகரவும், இருந்த இடத்திலேயே திரும்பவும் உதவுபவை. படமெடுப்பவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இன்றியமையாதவை. இவற்றுக்கும் விறைப்பான குட்டைத் தகடே ஏற்றது.

அளவு பார்க்கும் முறை

கால்துடுப்பின் அளவு பெரும்பாலும் ஐரோப்பிய எண்களில், இரண்டு எண்களைச் சேர்த்து 40-41, 42-43 என்பதுபோல் குறிக்கப்பட்டிருக்கும். இந்தியாவில் வழங்கும் 8-ஆம் எண் செருப்பு ஏறத்தாழ ஐரோப்பிய 42-க்குச் சமம். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும் என்பதால் எண்ணை மட்டும் நம்பி இணையவழியில் வாங்குவதைவிட, போட்டுப் பார்த்து வாங்குவதே சரி. செருப்பணிந்தும் வெறுங்காலிலும் நடந்து பழகிய பலருக்கு முன்பாதம் அகன்றிருக்கும். அத்தகையோர் நீளத்துடன் அகலத்தையும் பார்க்க வேண்டும்.

கடையில் செய்து பார்க்க வேண்டியவை:

1. மாலையில் அளவு பார்க்கவும். நாள் முழுவதும் நடந்த பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும்.

2. திறந்த குதிகால் வகையாயின், முதலில் பூட்டைத் தேர்ந்து, அதை அணிந்துகொண்டே கால்துடுப்பைப் போட்டுப் பார்க்கவும். பூட்டையும் கால்துடுப்பையும் தனித்தனியே அளவெடுத்து வாங்குவது பயன்படாது.

3. விரல்கள் மடங்கக்கூடாது, அசைக்க இடம் இருக்க வேண்டும். முழுப்பாத வகையில் விரல் நுனிகள் திறப்பின் வழியே சற்றே வெளியே தெரியலாம்.

4. உட்கார்ந்தபடி காலைத் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கவும். கால்துடுப்பு தனியே ஆடினால் அது பெரியது. நீரில் பாதம் வழுக்கும் என்பதால், கடையில் சற்றே தளர்ந்திருப்பது கடலில் கழன்றுவிடும்.

5. பாதத்தின் வளைவிலோ மேற்புறத்திலோ அழுத்தம் தெரிகிறதா என்று ஐந்து நிமிடமாவது அணிந்திருந்து பார்க்கவும். அழுத்தினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு மரத்துப்போகும், தசைப்பிடிப்பு வரும்.

6. தகட்டின் நுனியைக் கையால் வளைத்துப் பார்க்கவும். அது நுனி முதல் நடுப்பகுதி வரை சீராக வளைய வேண்டும். பாத உறைக்கு அருகே மட்டும் மடங்கினால் அது உந்துதலை வீணாக்கும்.

இயன்றால் நீச்சல் குளத்தில் பத்து நிமிடம் நீந்திப் பார்த்துவிட்டு முடிவு செய்வது மிகச் சிறந்தது. பல முக்குளிப்பு மையங்களில் வெவ்வேறு வகைகளை வாடகைக்கு எடுக்க முடியும்.

கடலுக்கேற்ற தேர்வு

வங்கக் கடலின் தமிழகக் கரையோரம் நீரோட்டம் பருவத்துக்குப் பருவம் திசை மாறுவது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும், கோடைக்கு முந்தைய மாதங்களில் வடக்கு நோக்கியும் ஓடும். சென்னை மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் ஓட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் அழைக்கின்றனர். புதுச்சேரி, கோவளம் பகுதிகளில் படகில் சென்று இறங்குவோர் இந்த ஓட்டத்தை எதிர்த்து நங்கூரக் கயிறு வரை நீந்த நேரலாம். மிகவும் தளர்ந்த தகடு அப்போது கைவிட்டுவிடும். நடுத்தர விறைப்புள்ள தட்டைத் தகடு இங்கே பொருத்தமானது.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் உள்ளன. இப்பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இங்குள்ள பவளப்பாறைகள் ஆழம் குறைந்த நீரில் இருப்பவை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பமடைந்து வெளிறலுக்கு உள்ளானவை. பெரும்பாறை வகைப் பவளங்கள் பொதுவாக ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். ஒருவரின் நீண்ட தகடு ஒருமுறை இடித்து உடைப்பது பல ஆண்டு வளர்ச்சியாக இருக்கலாம். தகடு கிளப்பும் மணல் பவளத்தின்மேல் படிந்து அதை மூச்சுத்திணறவைக்கும். பவளப்பாறைகளுக்கு அருகே முக்குளிப்போர் குட்டைத் தகட்டையும் தவளை உதையையும் கைக்கொள்வது நல்லது. அனுமதியின்றிப் பூங்காப் பகுதிக்குள் செல்லவும் கூடாது.

அந்தமானிலும், இலங்கையின் திருகோணமலைப் புறாத்தீவுப் பகுதியிலும் நீர் தெளிந்து வெதுவெதுப்பாக இருக்கும். அங்கே படகிலிருந்து இறங்குவோருக்கு எடை குறைந்த முழுப்பாத வகையே போதும். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கிய எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் கிடக்கிறது. இது அடிப்படைப் பயிற்சி பெற்றோர் செல்லக்கூடிய 18 மீட்டர் எல்லைக்கு மிகவும் அப்பாற்பட்டது. அங்கே செல்லும் உயர்பயிற்சி பெற்றவர்கள் சுமக்கும் கருவிகள் அதிகம் என்பதால் விறைப்பான துவாரத் தகட்டையே பெரும்பாலும் அணிவர்.

வடசென்னைக் கடல்

கொடுங்கையூர், இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியினருக்குக் கடல் அருகிலேயே உள்ளது. எனினும் இக்கரையோரம் பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு உரியதன்று. சென்னைத் துறைமுகம், காமராசர் துறைமுகம் ஆகியவற்றின் நீர்ப்பரப்புகள் பாதுகாக்கப்பட்டவை. கப்பல் போக்குவரத்து மிகுந்தவை. கரை அரிப்பைத் தடுக்கக் கொட்டப்பட்ட கருங்கற்களின்மேல் அலை மோதுவதால் கரையிலிருந்து இறங்குவதும் ஆபத்து. நீரும் கலங்கலானது.

இங்கே நீரடியில் இறங்குவோர் தொழில்முறையாளர்கள். கப்பலின் அடிப்பகுதியைச் சோதிப்போர், துறைமுகச் சுவர்களைப் பழுதுபார்ப்போர் முதலியோர் அவர்கள். அடித்தரையில் நின்று வேலை செய்வோர் கால்துடுப்பை விட்டுக் கனத்த பூட் அணிவர். கப்பலின் அடிப்பகுதியில் மிதந்தபடி வேலை செய்வோருக்கே கால்துடுப்பு வேண்டும். செய்யும் வேலைக்கு ஏற்பவே காலில் அணிவது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்ததும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதும் இப்பகுதியினர் அறிந்தவை. எண்ணெய் படிந்த நீர் உடல்நலத்துக்குக் கேடு, கருவிக்கும் கேடு. இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊறினால் உப்பி, வலுவிழந்துவிடும். வாரும் பாத உறையும் அவ்வாறு பழுதானால் கடலுக்குள் அறுந்துபோகக்கூடும். வடசென்னை மாணவர்கள் முக்குளிப்புக் கற்க விரும்பினால் கோவளத்துக்கோ புதுச்சேரிக்கோ சென்று, சான்றிதழ் பெற்ற பயிற்றுநரிடம் கற்பதே பாதுகாப்பானது. அவர்கள் தொடக்கத்தில் கால்துடுப்பு வாங்க வேண்டிய தேவையும் இல்லை. பயிற்சிக் கட்டணத்துடன் மையமே கருவிகளைத் தருவது வழக்கம்.

அணிதலும் கழற்றுதலும்

படகில் கால்துடுப்பைக் கடைசியாக, நீரில் குதிக்கும் முன்பே அணிய வேண்டும். அதை அணிந்தபடி முன்னோக்கி நடந்தால் தகடு மடங்கித் தடுக்கிவிடும். நடந்தே ஆக வேண்டுமானால் பின்னோக்கி, காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். மேலே வந்த பிறகு ஏணியையோ கயிற்றையோ பற்றிக்கொண்ட பின்னரே கழற்ற வேண்டும். கைப்பிடி கிடைக்குமுன் கழற்றினால் நீரோட்டம் இழுத்துச் சென்றுவிடும். திரும்பி நீந்த வழியிராது.

நீந்தும்போது கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு வந்தால் உதைப்பதை நிறுத்தி, துணையாளுக்குச் சைகை காட்டி, கால்துடுப்பின் நுனியைக் கையால் பற்றித் தம்மை நோக்கி இழுத்தபடி முழங்காலை மெல்ல நீட்ட வேண்டும். தசை நீண்டு பிடிப்பு விடும். ஒவ்வொரு முறையும் பிடிப்பு வந்தால், கால்துடுப்பு மிகவும் விறைப்பானது அல்லது இறுக்கமானது என்று பொருள்.

பராமரிப்பு

கடலிலிருந்து வந்ததும் நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். உப்புப் படிகங்கள் பக்கிளையும் ஸ்பிரிங்கையும் இறுகச்செய்யும். வெயில் ரப்பரை வெடிக்கவைக்கும். தகட்டு நுனியில் நிற்கும்படி சுவரில் சாய்த்துவைத்தால் நாளடைவில் வளைந்துவிடும். தட்டையாகக் கிடத்தியோ, பாத உறையில் மாட்டித் தொங்கவிட்டோ வைக்கலாம். புதிதாக வாங்கும்போது பாத உறைக்குள் இருக்கும் நெகிழி அச்சை எறிந்துவிடாமல், வைக்கும்போதெல்லாம் உள்ளே செருகினால் வடிவம் கெடாது.

வாடகைக்கு எடுப்போரும் இறங்கும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: வாரை இழுத்து வளைத்தால் வெடிப்பு தெரிகிறதா, பக்கிள் இரண்டும் உறுதியாகப் பூட்டுகின்றனவா, பாத உறையும் தகடும் சேருமிடத்தில் கிழிசல் உண்டா. இம்மூன்றில் ஒன்று குறையாயினும் வேறு ஜோடி கேட்டுப் பெறுவது முக்குளிப்பவரின் உரிமை, கூச்சப்படத் தேவையில்லை. மாற்று வார் ஒன்றைப் பையில் வைத்திருப்பது நல்ல வழக்கம்.

சொந்தமாக வாங்குதல்

முதல் பயிற்சியிலேயே வாங்குவதைவிட, வாடகைக் கருவிகளுடன் சிலமுறை இறங்கி, தம் காலின் வலுவையும், தமக்கு எளிதாக வரும் உதைப்பு முறையையும், அடிக்கடி செல்லப்போகும் கடலையும் அறிந்தபின் வாங்குவதே சிக்கனம். முதலில் முகக்கண்ணாடி, அடுத்துப் பூட், அதன்பின் கால்துடுப்பு என்ற வரிசை பலருக்கும் பொருந்தும்.

தமிழகக் கடலில் முக்குளிக்கத் தொடங்கும் ஒருவர், படகிலிருந்து மட்டுமே இறங்குவாராயின் நடுத்தர விறைப்புள்ள முழுப்பாத வகையையும், கரையிலிருந்தும் இறங்க நேருமாயின் பூட்டுடன் அதே விறைப்புள்ள திறந்த குதிகால் வகையையும் தேர்ந்தெடுக்கலாம். அரைமணி நேரம் நீந்திய பிறகும் காலில் அது இருப்பதே நினைவுக்கு வராவிட்டால், அந்தத் தேர்வு சரியானது.